கோல்ஃப் டிரைவர் ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டு: வளைப்பதா, தட்டையாக வைப்பதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் செட்டிபாளையத்தில் வார இறுதிகளில் கோல்ஃப் ஆடும் வலக்கை ஆட்டக்காரன். அயர்ன்களில் (இரும்புத் தலை கிளப்களில்) பந்து ஏறக்குறைய நேராகவே போகிறது. டிரைவரை (தொலைதூரம் அடிக்கும் நீண்ட கிளப்பை) எடுத்தால் மட்டும் பந்து இலக்குக்கு இடப்பக்கம் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் திரும்பி, ஃபேர்வேயை (ஆடும் புல்வெளிப் பாதையை) கடந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய இருவர் எனக்கு இரண்டு யோசனைகள் கூறினார்கள். பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் ஓங்குவதன்) உச்சியில் இடது மணிக்கட்டை அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனைப் போல உள்ளங்கைப் பக்கம் வளைத்து வைக்க வேண்டும் என்றார் ஒருவர். பேக்ஸ்விங் தொடங்கியதுமே மணிக்கட்டை மடித்துவிட வேண்டும் என்றார் மற்றவர். வளைத்து அடித்தால் பந்து தாழ்வாக இடப்பக்கம் ஓடுகிறது. சீக்கிரம் மடித்தால் தோள் திரும்புவதற்கு முன்பே கை மேலே போய்விடுகிறது.

இந்த இரண்டு யோசனைகளும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றனவா? அல்லது வேறு வேறா? வேறு என்றால் எதை முதலில் கவனிக்க வேண்டும்? பொறுமையாக விளக்கக்கூடியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூலூர் லேத்

தம்பிக்கு வணக்கம். இரண்டும் வேறு வேறு செயல்கள். அவற்றை ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் கோல்ஃப் மைதானங்களில் பாதிக் குழப்பம் உண்டாகிறது என்பது என் உறுதியான கருத்து.

இடது கையைக் கட்டைவிரல் மேல் நோக்கியிருக்கும்படி முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். சுத்தியலை ஓங்குவதுபோலக் கட்டைவிரலை முன்கையை நோக்கி உயர்த்துங்கள். இதைத்தான் நாம் ஹிஞ்ச், அதாவது மடிப்பு, என்கிறோம். பழைய நிலைக்குத் திரும்பி, சுண்டுவிரல் பக்கம் கீழே இறக்கினால் அது ஹிஞ்ச் அவிழ்வது. இப்போது கையை அதே உயரத்தில் வைத்துக்கொண்டு உள்ளங்கையை முன்கையின் உட்புறம் நோக்கி வளையுங்கள்; ஜான்சனின் வளைவு இதுதான். புறங்கையை முன்கையின் வெளிப்புறம் நோக்கி மடக்கினால் அது எதிர்த்திசை வளைவு. மணிக்கட்டின் மேற்புறத்தில் ஒரு குழி விழும். இவை இரண்டு தனித்தனி அச்சுகளில் நடப்பவை. மூன்றாவதாக, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே முன்கை முழுவதும் சுழலும் அசைவு ஒன்றும் உண்டு.

ஹிஞ்ச் கைக்கும் ஷாஃப்டுக்கும் (கிளப்பின் தண்டுக்கும்) இடையே கோணத்தை உண்டாக்குகிறது. அது கிளப் தலையின் வேகத்துக்கானது. அதனால் மட்டும் முகப்பு (கிளப் தலையில் பந்தைத் தொடும் பக்கம்) பெரிதாகத் திறப்பதும் (வலப்பக்கம் திரும்புவதும்) இல்லை, மூடுவதும் (இடப்பக்கம் திரும்புவதும்) இல்லை. முகப்பைத் திறப்பதும் மூடுவதும் மற்ற இரண்டு அசைவுகள்தாம். இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வளைந்தால் முகப்பு மூடுகிறது. புறங்கைப் பக்கம் வளைந்தால் திறக்கிறது. உங்கள் சிக்கல் திசையைச் சேர்ந்தது. உங்களுக்குக் கிடைத்த யோசனைகளில் ஒன்று திசைக்கானது, மற்றது விசைக்கானது. இரண்டையும் ஒரே நாளில் முயன்றால் எது எதை மாற்றியது என்பதே தெரியாமல் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு மடியும் அளவு சுமார் 20 டிகிரி மட்டுமே. சுண்டுவிரல் பக்கம் சுமார் 30 டிகிரி. இரண்டையும் கூட்டினாலும் 50 டிகிரியைச் சுற்றித்தான் வருகிறது. அப்படியிருக்க, பேக்ஸ்விங்கின் உச்சியில் கைக்கும் ஷாஃப்டுக்கும் இடையே 90 டிகிரி எப்படிக் கிடைக்கிறது? மீதியைக் கொடுப்பது கிளப்பைப் பிடிக்கும் விதம். கிளப் விரல்களின் குறுக்கே சாய்வாகக் கிடந்தால், மணிக்கட்டு மடிவதற்கு முன்பே ஷாஃப்டுக்கும் முன்கைக்கும் இடையே ஒரு கோணம் இருக்கிறது. அதையே உள்ளங்கையின் நடுவில் இறுக்கிப் பிடித்தால் ஷாஃப்ட் முன்கையின் நீட்சியைப் போலக் கிடக்கும். அதன்பின் எவ்வளவு முயன்றாலும் 90 டிகிரி வராது. முழங்கையை மடக்கித்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியிருக்கும். நம் ஊரில் பெரும்பாலோர் கிரிக்கெட் மட்டையை விட்டுவிட்டுக் கோல்ஃபுக்கு வந்தவர்கள். அவர்களிடம் இந்த உள்ளங்கைப் பிடியை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே மணிக்கட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, உங்கள் கிரிப் (கிளப்பைப் பிடிக்கும் பிடி) எப்படி என்று எழுதுங்கள்.

ஆனைமலைக்காற்று (பொள்ளாச்சி)

சூலூர் அண்ணாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் உள்ளங்கைப் பக்கம் வளைப்பதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய முன்னணி ஆட்டக்காரர்களைப் பாருங்கள். ஜான்சன் 2016இல் யு.எஸ். ஓப்பனையும் 2020இல் மாஸ்டர்ஸையும் வென்றார். அந்த மாஸ்டர்ஸின் நான்கு சுற்றுகளிலும் சேர்த்து அவர் எடுத்த 268 அடிகள் அந்தப் போட்டியின் சாதனை எண்ணிக்கை. ஜான் ராம் 2021இல் யு.எஸ். ஓப்பனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றார். காலின் மோரிகாவா 2020இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், மறு ஆண்டே தி ஓப்பன். மூவருக்கும் உச்சியில் இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வளைந்தே இருக்கிறது.

இதில் ஓர் அடிப்படை நியாயமும் உண்டு. டவுன்ஸ்விங் (உச்சியிலிருந்து கிளப் பந்துக்கு இறங்குவது) சுமார் கால் வினாடியில் முடிந்துவிடுகிறது. பந்தும் முகப்பும் தொட்டிருக்கும் நேரம் வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்த நேரத்துக்குள் மனம் குறுக்கிட்டு முகப்பைத் திருத்த முடியாது. உச்சியிலேயே முகப்பு சரியாக இருந்துவிட்டால், கீழே வரும்போது கையால் எதையும் செய்யாமல் உடலைத் திருப்பினால் போதும். ஸ்லைஸ் (வலப்பக்கம் வளைந்து போகும் அடி) அடிப்பவருக்கு இதைவிட நேரான வழி எது என்று எனக்குத் தெரியவில்லை.

கொடுமுடி (கோயம்புத்தூர்)

ஆனைமலைக்காற்று தம்பி எடுத்துக்காட்டிய மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. கேடியாக (ஆட்டக்காரரின் கிளப் பையைச் சுமப்பவனாக) தொடங்கி இப்போது பயிற்சி அளிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன்.

அந்த மூவரோடு இன்னும் இருவரைச் சேர்த்துப் பாருங்கள். பென் ஹோகன் 1953ஆம் ஆண்டில் மூன்று மேஜர்களை (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளை) வென்றவர். இளமையில் ஹூக் (இடப்பக்கம் வளைந்து போகும் அடி) அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதிலிருந்து மீள அவர் இடது கையின் கிரிப்பைத் தளர்நிலைக்கு நகர்த்தியதோடு, உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் வளைத்தும் வைத்தார். 1955இல் லைஃப் இதழில் அவர் வெளியிட்ட இரகசியம் இதுவே. 1992இல் மாஸ்டர்ஸை வென்ற ஃபிரெட் கப்பிள்ஸ் அதற்கு மாறாக வலுவான கிரிப் வைத்திருப்பவர். அவருடைய மணிக்கட்டிலும் உச்சியில் புறங்கைப் பக்கக் குழி தெரியும். ஜான்சனின் வளைவு இவர்கள் இருவருக்கும் நேர் எதிர். ஆனாலும் எல்லோரும் வென்றார்கள்.

இதற்குக் காரணம் கிரிப்தான். இடது கையை ஷாஃப்டின் மேல் வலப்பக்கமாகத் திருப்பி, மூன்று விரல் முட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி பிடிப்பது வலுவான கிரிப். அப்படிப் பிடிப்பவருக்கு, பந்துக்கு முன் நிற்கும்போதே மணிக்கட்டில் புறங்கைப் பக்க வளைவு நிறைய இருக்கும். உச்சியிலும் அதே வளைவு இருந்தால் முகப்பு நேராகவே இருக்கிறது என்று பொருள். அவர் மணிக்கட்டைத் தட்டையாக்கினாலே முகப்பு மூடிவிடும். ஜான்சனைப் போல வளைத்தால் உச்சியில் அது வானத்தைப் பார்த்துவிடும். கையை இடப்பக்கம் திருப்பி, ஒரு முட்டியோ ஒன்றரை முட்டியோ தெரியும்படி பிடிப்பவர் தளர்நிலை கிரிப்காரர். அவருக்குத் தட்டையான மணிக்கட்டே நடுநிலை. சிறிது உள்ளங்கைப் பக்கம் வளைத்தாலும் தவறில்லை. ஆகவே படத்தில் ஒருவருடைய மணிக்கட்டை மட்டும் வெட்டி எடுத்து, அவருடைய கிரிப்பை விட்டுவிட்டுப் பின்பற்றுவது பாதிச் சட்டையை வாங்கி அணிவதற்கு ஒப்பானது என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது நேரடியாகத் தீங்கு செய்யும்.

மூடிய முகப்போடு கீழே வரும் ஜான்சன் அதை இலக்குக்கு நேராகக் கொண்டுவர இடுப்பையும் மார்பையும் எவ்வளவு வேகமாகத் திறக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பந்து படும் கணத்தில் அவருடைய மார்பு இலக்கை நோக்கி வெகுவாகத் திரும்பியிருக்கிறது. அலுவலக நாற்காலியில் வாரம் முழுவதும் அமர்ந்திருப்பவரின் இடுப்பு அவ்வாறு திரும்பாது. உடல் திரும்பாமல் மணிக்கட்டு மட்டும் வளைந்தால் பந்து தாழ்வாக இடப்பக்கம் ஓடும். நொய்யல்கரை தம்பி எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

ராமைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய பேக்ஸ்விங் குட்டையானது. வலது பாதம் வளைந்த நிலையில் பிறந்ததால் கணுக்கால் அசைவு குறைந்துவிட்டது என்றும், அதனால்தான் தன் ஸ்விங் குட்டையானது என்றும் 2021இல் அவரே விளக்கினார். தன் உடலுக்கு ஏற்றபடி அவர் கட்டிக்கொண்ட முறை அது.

நொய்யல்கரை (திருப்பூர்)

கேட்டபடி கிரிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். பந்துக்கு முன் நின்று கீழே பார்க்கும்போது இடது கையில் ஒரு முட்டி முழுதாகவும் அடுத்தது விளிம்பாகவும் தெரிகின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கோடு என் முகவாயை நோக்கியிருக்கிறது. கிளப் சுண்டுவிரலின் அடியில் தொடங்கி உள்ளங்கையின் நடுவே செல்கிறது. கையுறையில் தேய்மானமும் உள்ளங்கையின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது.

எனக்கு இன்னோர் ஐயமும் இருக்கிறது. மணிக்கட்டுத்தான் காரணம் என்றால், அயர்னில் வராத ஸ்லைஸ் டிரைவரில் மட்டும் ஏன் வருகிறது?

கொடுமுடி (கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. அயர்னிலும் அதே முகப்பும் அதே பாதையும்தான் இருக்கின்றன. அயர்ன் முகப்பின் பின்சாய்வு அதை மறைத்துவிடுகிறது. ஏழாம் அயர்னின் சாய்வு இன்றைய கிளப்களில் ஏறக்குறைய 30 முதல் 34 டிகிரி. டிரைவருக்கு 9 முதல் 12 டிகிரி. சாய்வு மிகுந்த முகப்பில் பந்து பெருமளவு பின்சுழற்சியோடு கிளம்புவதால், முகப்பு சில டிகிரி திறந்திருந்தாலும் சுழற்சியின் அச்சு கொஞ்சமே சாய்கிறது. டிரைவரில் அதே திறப்பு அச்சை மிகுதியாகச் சாய்த்துவிடுகிறது. ஷாஃப்ட் நீளமாக இருப்பதால் முகப்பு நேராவதற்கும் அதிக நேரம் தேவைப்படுகிறது. உங்கள் அயர்ன் அடிகளிலும் பந்து கடைசியில் சற்றே வலப்பக்கம் நழுவுகிறதா என்று பாருங்கள், நழுவும்.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, தொடும் கணத்தில் முகப்பு பார்க்கும் திசை. அது பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பதை முடிவு செய்வது முகப்புக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள வேறுபாடு. ரேடார் கருவிகள் வந்த பின் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது. ஆகவே தொடும் கணத்தில் முகப்பு இலக்குக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது. ஆனால் பாதை அதைவிட இன்னும் இடப்பக்கம் வெட்டிச் செல்கிறது. பாதையோடு ஒப்பிட்டால் முகப்பு திறந்திருக்கிறது.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. பெரும்பாலான ஸ்லைஸ்காரர்களிடம் பாதை இடப்பக்கம் வெட்டுவது காரணமல்ல, விளைவு. தளர்நிலை கிரிப், உள்ளங்கைப் பிடி, உச்சியில் புறங்கைப் பக்கக் குழி ஆகிய மூன்றும் சேர்ந்து முகப்பைத் திறந்துவிடுகின்றன. திறந்த முகப்போடு உள்ளிருந்து வெளியே அடித்தால் பந்து வலப்பக்க வேலிக்கு அப்பால் போகும் என்பதை உடல் சில ஆட்டங்களிலேயே கற்றுக்கொள்கிறது. அதன்பின் அது தானாகவே இடப்பக்கம் இழுத்து வீசத் தொடங்குகிறது. முகப்பை எப்படியாவது மூட வேண்டும் என்பதற்காக, மேலிருந்தே மணிக்கட்டின் மடிப்பை அவிழ்த்தும் விடுகிறது. லேக் (மடிப்பு தாமதமாக அவிழ்வது) போதவில்லை, மடிப்பை அதிக நேரம் பிடித்துவை என்று அவருக்கு அறிவுரை சொல்பவர்கள் உண்டு. முகப்பு திறந்திருக்கும்போது மடிப்பைப் பிடித்துவைத்தால் முகப்பு இன்னும் திறந்த நிலையில் பந்துக்கு வந்து சேரும். அந்த உடல் மடிப்பை முன்கூட்டியே அவிழ்ப்பது அறிவோடு செய்யும் செயல். முகப்பைச் சரிசெய்யுங்கள், அவிழ்க்க வேண்டிய தேவை நீங்கிவிடும், மடிப்பு தானாகவே தங்கும். என் பயிற்சியில் நான் எவரிடமும் லேக்கைப் பற்றி முதலில் பேசுவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: இடது கையை வலப்பக்கம் திருப்பி இரண்டரை முட்டி தெரியும்படி வையுங்கள். கோடு வலது தோளை நோக்கட்டும். கிளப்பை ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடிக்குச் சாய்வாகக் கிடத்தி, உள்ளங்கையின் சதைப்பகுதி ஷாஃப்டின் மேலே அமரும்படி மூடுங்கள். வளைக்கும் முயற்சியை இப்போதைக்கு முற்றிலும் விட்டுவிடுங்கள்.

ஆனைமலைக்காற்று (பொள்ளாச்சி)

கிரிப்பைப் பற்றி ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆனால் லேக் விளைவு மட்டுமே என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மடிப்பைத் தாமதமாக அவிழ்ப்பவர்களுக்கு வேகம் கூடுவது கண்கூடாகத் தெரிகிறதே. செர்ஜியோ கார்சியாவின் டவுன்ஸ்விங்கைப் பார்த்தால், இடது கை தரைக்கு இணையாக வரும்போது ஷாஃப்ட் தோளைத் தொட்டுவிடும்போல் இருக்கிறது. அதைத் தனியாகப் பயிற்சி செய்வதில் என்ன தவறு?

சூலூர் லேத்

தம்பி, இதை இயந்திரவியல் வழியில் பார்ப்போம். கை ஒரு தண்டு, கிளப் இன்னொரு தண்டு. இரண்டையும் இணைப்பது மணிக்கட்டு. கோல்ஃப் ஸ்விங்கை இப்படி இரட்டை ஊசலாக வைத்து ஆராய்வது 1960களிலிருந்து நடந்துவருகிறது. தோளிலிருந்து கை சுழலும்போது, கிளப் தலை தன் நிறையால் வெளிநோக்கி விலகப் பார்க்கிறது. தொடக்கத்தில் மடிப்பு கலையாமல் இருந்தால் இரண்டு தண்டுகளும் சேர்ந்து ஒரு குட்டையான பொருளாகச் சுழல்கின்றன; சுழற்றுவது எளிதாகிறது, வேகம் விரைவில் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் கிளப் வெளியே வீசப்படுகிறது. அப்போது கையின் வேகம் குறைகிறது. அந்த ஆற்றல் கிளப் தலைக்குப் போகிறது. பந்து படும் வேளையில் கை வேகம் குறைந்து வருவது தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் காணப்படும் இயல்பு.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: கிளப் அவிழ்வதற்கு மணிக்கட்டுத் தசையின் உந்துதல் பெரிதாகத் தேவையில்லை. பிடித்து வைப்பதற்கும் தேவையில்லை. கீழே வரும் வேகம் உடலிலிருந்தும் தோளிலிருந்தும் வந்தால் மடிப்பு தேவையான நேரம்வரை தங்கும். வலது கை முதலில் தள்ளினால் உடனே கலையும். வேண்டுமென்றே பிடித்துவைக்கும் தசை இறுக்கம், அவிழ வேண்டிய நேரத்திலும் அவிழ விடாது. கிளப் தலை பிந்தி வரும், முகப்பு திறந்திருக்கும். கார்சியாவின் கோணம் அவருடைய உடல் இயக்கத்தின் வரிசையால் விளைவது.

ஆகவே தாங்கள் கூறும் தாமதம் உண்மை, அதன் பயனும் உண்மை. அதைப் பயிற்சியின் நோக்கமாக வைப்பதில்தான் எனக்கு மறுப்பு.

சிறுவாணி (கோயம்புத்தூர்)

நான் இயன்முறை மருத்துவர், கோல்ஃபும் ஆடுகிறேன். சூலூர் ஐயா சுத்தியலை எடுத்துக்காட்டியதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுத்தியலை ஓங்கும்போது கையைக் கூர்ந்து பாருங்கள். மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் மட்டும் மடிவதில்லை. கூடவே சிறிது புறங்கைப் பக்கமும் சாய்கிறது. அடிக்கும்போது சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்கைப் பக்கமும் சேர்ந்து போகிறது. மணிக்கட்டின் எலும்புகள் மிக இலகுவாக அசையும் சாய்வான பாதை அதுதான். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றை நாம் அந்தப் பாதையிலேயே செய்கிறோம்.

ஹோகன் உச்சியில் புறங்கைப் பக்கக் குழியோடு இருந்து, பந்து படும்போது உள்ளங்கைப் பக்கம் சற்று வளைந்த மணிக்கட்டோடு வந்தார் அல்லவா? அந்தப் பயணம் ஏறக்குறைய இந்த இயல்பான பாதையிலேயே அமைந்தது. இதற்கு மாறாக, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் முழுவதுமாக வளைத்த நிலையில் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். மடியும் அளவு குறைந்துவிடும். எனவே அதிகமாக வளைப்பவர்கள் ஹிஞ்சில் கொஞ்சத்தை இழக்கிறார்கள். ஜான்சனைப் போன்றவர்கள் அந்த இழப்பைத் தோள் திருப்பத்தாலும் கை உயரத்தாலும் ஈடு செய்கிறார்கள். மணிக்கட்டு இயல்பாகவே நன்றாக நெகிழ்பவர்களுக்கு அது எளிது. ஐம்பது வயதைத் தாண்டியவர் கட்டாயப்படுத்தி வளைத்தால் மறுநாள் வலி வரும்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டியது என் கடமை. வலக்கை ஆட்டக்காரரின் இரு மணிக்கட்டுகளில் இடது மணிக்கட்டுத்தான் கோல்ஃபில் அதிகம் அடிபடுகிறது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் வலி கூடினால், தசைநாண் உறையின் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹிஞ்சைத் திரும்பத் திரும்ப எல்லைவரை இழுப்பதும், நாள் முழுவதும் கைப்பேசியைக் கட்டைவிரலால் இயக்குவதும் அதை வளர்க்கும். ஓய்வும் முறையான சிகிச்சையும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதைவிடக் கவலைக்குரியது, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கம் வரும் வலி. அங்கே ஹேமேட் என்னும் சிறு எலும்பில் கொக்கிபோன்ற ஒரு நீட்சி இருக்கிறது. கிளப்பின் பின்முனை சரியாக அந்த இடத்தில்தான் அழுத்துகிறது. கிளப் பந்துக்கு முன்னால் இறுகிய தரையில் மோதினால் அந்த அதிர்ச்சி கொக்கியை முறித்துவிடக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் இது பல நேரம் தெரியாது, சி.டி. ஸ்கேன் தேவைப்படும். சுளுக்கு என்று எண்ணி மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நொய்யல்கரை சகோதரரின் கையுறை உள்ளங்கையின் அடிப்பகுதியில் தேய்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. கிளப்பின் பின்முனை கையைவிட்டுச் சற்று வெளியே தெரியும்படி பிடியுங்கள். விரல்களுக்கு மாற்றினால் அழுத்தமும் குறையும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

மிக்க நன்றி, சகோதரி. வலி இதுவரை இல்லை. ஆனாலும் கவனமாக இருப்பேன். கொடுமுடி ஐயா கூறியபடி கிரிப்பை மாற்றிப் பிடித்தால் கிளப் கையிலிருந்து நழுவிவிடும்போல் தோன்றுகிறது. அதனால் என்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கிறேன். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதேனும் இருந்தால் கூறுங்கள்.

கொடுமுடி (கோயம்புத்தூர்)

நழுவும்போல் தோன்றுவது இயல்பு. இடது கையின் கடைசி மூன்று விரல்கள் பிடித்தால் கிளப் எங்கும் போகாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுகினால் முன்கையின் மேற்பக்கத் தசை இறுகும். மணிக்கட்டு மடிய மறுக்கும். கிரிப்பின் ரப்பர் வழவழப்பாகிவிட்டதா என்றும் பாருங்கள். நம் வெயிலில் காரின் பின்பெட்டியில் கிடக்கும் கிளப்களின் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடுகிறது. வழுக்கும் ரப்பரை எவரும் இறுக்கித்தான் பிடிப்பார்கள்.

வீட்டில் இதைச் செய்யுங்கள். பந்து இல்லாமல், கால்களைச் சேர்த்து நின்று, கைகளை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் மடித்து, ஷாஃப்டை மார்புக்கு முன்னால் தரைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். முகப்பின் கீழ் விளிம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். உச்சியில் போலன்றி, இந்த நிலையில் முகப்பு வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அதைத் திறந்துவிட்டீர்கள். இனி அந்த நிலையைக் கலைக்காமல் தோளை மட்டும் திருப்புங்கள். கை தானாக மேலே போகும். உச்சியில் மணிக்கட்டு இருக்க வேண்டிய இடம் அதுவே. சீக்கிரம் மடிப்பதா, மெல்ல மடிப்பதா என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. நிக் ஃபால்டோ சீக்கிரம் மடித்து ஆறு மேஜர்களை வென்றார். அகலமாக எடுத்துச்சென்று மெல்ல மடித்து வென்றவர்களும் பலர். தோள் திரும்பி முடியும்போது மடிப்பும் முடிந்திருந்தால் போதுமானது. உங்களைப் பொறுத்தவரை, மடிப்பைத் தனியே நினைக்க வேண்டாம் என்பேன். கிளப் தலையின் எடை இடது கை தரைக்கு இணையாகும்போது தானே மடித்துவிடும்.

புறங்கைப் பக்கக் குழி விழுகிறதா என்று அறிய, ஓர் இரும்பு ஸ்கேலைக் கைக்கடிகாரப் பட்டையின் உள்ளே செருகி, அதன் மேல்பாதி புறங்கையின் மேலே படும்படி வையுங்கள். அரை ஸ்விங் எடுக்கும்போது குழி அதிகமாக விழுந்தால் ஸ்கேல் புறங்கையில் குத்தும். புதிய கிரிப்பில் சிறிது அழுத்தம் இருக்கத்தான் செய்யும். நிற்கும்போது இருந்த அழுத்தம் உச்சியில் கூடாமல் இருந்தால் சரி.

பிறகு பயிற்சி ரேஞ்சில் எட்டாம் அயர்னோடு அரை ஸ்விங் மட்டும் அடியுங்கள். பந்து நேராகவோ சற்றே இடப்பக்கம் வளைந்தோ போகத் தொடங்கிய பின்பே டிரைவரைத் தொடுங்கள். முதலில் பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் கலங்க வேண்டாம். முகப்பு மூடத் தொடங்கிவிட்டது, ஆனால் உடல் இன்னும் பழைய பாதையில் இடப்பக்கம் வீசுகிறது என்பதற்கு அதுவே சான்று. அந்த நாள்களில் கிரிப்பைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள். பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

வாளையார் வெளி (பாலக்காட்டுச் சாலை)

இழையை முழுதும் படித்துப் பயன்பெற்றேன். இதே பேச்சோடு தொடர்புடைய ஒன்றைக் கேட்கலாமா? ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் நம் பக்கம் ஆடுவது கடினமாக இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. காற்றை எதிர்த்து அடிக்கும்போது பந்து மேலேறி நின்றுவிடுகிறது. அப்போது ஹிஞ்சைக் குறைக்க வேண்டுமா?

ஆனைமலைக்காற்று (பொள்ளாச்சி)

பல்லடம், கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றால்தானே, அண்ணா. நான் அந்த மாதங்களில் பழகியதைச் சொல்கிறேன். காற்றை எதிர்த்து வலுவாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடும்; பின்சுழற்சி கூடினால் பந்து இன்னும் மேலேறும். ஆகவே குறைக்க வேண்டியது வேகம். வழக்கமாக எட்டாம் அயர்ன் எடுக்கும் தொலைவுக்கு (எண் குறையக் குறையத் தொலைவு கூடும்) ஆறாம் அயர்னையோ காற்று பலமாக இருந்தால் ஐந்தாம் அயர்னையோ எடுத்து, கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து, பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து, முக்கால் ஸ்விங்கோடு நிறுத்துகிறேன். ஸ்விங் குட்டையாகும்போது மடிப்பும் தானே குறைகிறது.

பந்து பட்ட பிறகும் இடது மணிக்கட்டு தட்டையாகவே இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்கிறேன். அங்கே புறங்கைப் பக்கம் சுருங்கினால் முகப்பின் சாய்வு கூடி, பந்து மீண்டும் உயரத்தான் போகும். சூலூர் அண்ணா இதை ஏற்பாரா என்று அறிய விரும்புகிறேன்.

சூலூர் லேத்

ஏற்கிறேன், தம்பி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முக்கால் ஸ்விங் என்பது கையின் பயணத்தைக் குறைப்பது. மணிக்கட்டை மரக்கட்டைபோல் இறுக்கிக்கொள்வது அன்று. ஸ்டீவ் ஸ்டிரிக்கர் வெட்ஜ் (குறுந்தொலைவுக்கான கிளப்) அடிகளில் ஹிஞ்சை மிகக் குறைவாகவே பயன்படுத்துவார். ஆனாலும் அவருடைய கைகளில் இறுக்கம் தெரியாது. உடல் திரும்பும் அளவுக்கு ஏற்பக் கிளப் வந்துகொண்டிருக்கும். காற்றில் அடிக்கும் தாழ்வான அயர்னுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். காற்று பலமாக இருக்கும் நாளில் கால்களைச் சற்று அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்; ஸ்விங் நடுவில் உடல் ஆடினால் மணிக்கட்டுத்தான் முதலில் சமாளிக்க முயலும், அப்போது முகப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை யாராலும் கூற முடியாது.